கிளினிக்கில் கொடுத்த இரத்தம் எங்கே போகிறது?



தாத்தாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்குக் கொழுப்பு, மருமகளுக்குப் பிள்ளைப்பேற்றுச் சோதனை, காய்ச்சல் கண்ட பேரனுக்கு டிங்கியா இல்லையா என்று ஒரு சோதனை. இரத்தம் சோதிக்காத வீடு நம் தோட்டங்களில் இன்று இருக்குமா என்பதே சந்தேகந்தான். கிளினிக்கில் கையை நீட்டுகிறோம். மேற்கையில் பட்டையைக் கட்டுகிறார்கள். ஊசி ஏறுகிறது. சின்ன டியூப் ஒன்றில் இரத்தம் இறங்குகிறது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விடுகிறோம். சில நாள் கழித்து ஒரு தாள் வருகிறது. அந்தத் தாளில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார், அல்லது “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்கிறார். அந்த டியூபுக்கும் இந்தத் தாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். பாடம் விளங்காத பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்டுவது ஆசிரியர்களின் பழக்கம். மருத்துவச் சோதனைக் கூடங்களிலும் தவறுகளைக் களைவதற்குப் படந்தான் போடுகிறார்கள் என்று அறிந்தபோது, இது நம் தொழிலுக்கு அடுத்த வீட்டுச் சங்கதியாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

சோதனை முடிவு தவறாக வந்தால் நாம் யாரைக் குறை சொல்வோம்? “மெஷின் சரியில்லை” என்போம். அல்லது “லேப்பில் இருப்பவர்களுக்குக் கவனமில்லை” என்போம். இத்தாலி நாட்டில் பாதுவா என்ற ஊரிலே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே மாரியோ பிளெபானி, பாவ்லோ கர்ராரோ என்ற இருவர், அவசரச் சோதனைக் கூடத்துக்கு வந்த சோதனைகளை மூன்று மாத காலம் ஒன்றுவிடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 1997-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். 40,490 சோதனைகளில் 189 தவறுகள் அகப்பட்டன. கேட்பதற்குக் குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தத் தவறுகள் எங்கே பிறந்தன என்பதில்தான் வியப்பு இருக்கிறது. 100-க்கு 68 தவறுகள், இரத்தம் யந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. 18 அல்லது 19, முடிவு வந்த பிறகு அது டாக்டரிடம் போய்ச் சேரும் வழியில் நடந்தன. யந்திரம் இருக்கும் மேசையில் நடந்த தவறுகள் 100-க்கு 13 மட்டுமே!

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, அதே கூடத்தில், அதே முறையில் மறுபடியும் எண்ணிப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். இம்முறை 51,746 சோதனைகள், 160 தவறுகள். தவறு குறைந்திருந்தது. ஆனால் அப்போதும் 100-க்கு 62, யந்திரத்துக்கு முன்னால்தான். தவறுகளில் பெரும்பாலானவை நோயாளிக்குக் கெடுதல் செய்யாமலே போய்விட்டன என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது ஆறுதலான செய்திதான். ஆனாலும் கெடுதல் செய்த அந்தச் சில, யாரோ ஒருவர் வீட்டுக்குள் போயிருக்குமல்லவா?

ஆக, புதிய யந்திரம் வாங்கி வைத்தால் மட்டும் நோய் தீராது. வழியைப் பார்க்க வேண்டும். வழியைப் பார்ப்பது எப்படி? அதற்கென்று ஒரு முறை உண்டு. ஒரு வேலை தொடங்குவதிலிருந்து முடிவது வரையில் என்னென்ன நடக்கிறது, யார் செய்கிறார், எங்கே கை மாறுகிறது, எங்கே காத்துக் கிடக்கிறது என்று ஒரே தாளில் வரிசையாக வரைவது. இதை ‘வேலைவழிப் படம்’ என்று நாம் வைத்துக்கொள்வோம்.

இதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் அல்லர், கொத்தனார்! அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்பவர் 17 வயதில் செங்கல் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்குக் கொத்தனார் 18 விதமாக உடம்பை அசைப்பதைக் கவனித்தார். குனிகிறார், திரும்புகிறார், கல்லைப் புரட்டிப் பார்க்கிறார், சாந்தைத் தட்டுகிறார். கல்லையும் சாந்தையும் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அந்த 18 அசைவுகளை ஐந்தளவுக்குக் குறைத்துக் காட்டினார். பிறகு, மனோதத்துவம் படித்த தம் மனைவி லில்லியனோடு சேர்ந்து, எந்த வேலையையும் படமாக எழுதும் முறையை 1921-இல் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். 1947-இல் அந்தச் சங்கம் அதற்கு ஐந்து குறிகளை முறைப்படுத்திக் கொடுத்தது. வட்டம் போட்டால் ஒரு வேலை நடக்கிறது என்று பொருள். அம்புக்குறி, பொருள் இடம் மாறுகிறது. சதுரம், சரிபார்க்கிறார்கள். தலைகீழ் முக்கோணம், பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாகிய ‘டி’யைப் போன்ற அரைவட்டம் போட்டால், சும்மா காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஐந்தாவது குறிதான் எனக்குப் பிடித்த குறி. என் வகுப்பில் ஒரு நாள் பிள்ளைகளிடம், “பள்ளியிலிருந்து கொடுத்தனுப்பும் கடிதம் உங்கள் அப்பா கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? படமாக வரையுங்கள்” என்றேன். எல்லாரும் அழகாக வரைந்தார்கள். ஆசிரியர் கொடுக்கிறார், பையில் வைக்கிறேன், வீட்டுக்குப் போகிறேன், அப்பா கையெழுத்துப் போடுகிறார். ஒரு பிள்ளைகூட, “கடிதம் மூன்று நாள் பைக்குள்ளேயே கிடக்கிறது” என்று வரையவில்லை! பெரியவர்களும் அப்படித்தான். வேலையைச் சொல் என்றால் செய்வதைச் சொல்வார்கள். காத்துக் கிடப்பதை யாரும் வேலை என்று நினைப்பதில்லை. அதனால் அது படத்தில் வருவதில்லை. ஆனால் பொருள் கெட்டுப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சரி, இப்போது அந்த இரத்த டியூபின் பின்னால் நடந்து பார்ப்போம்.

முதற் படி பெயர். டாக்டர் சோதனைத் தாளில் பெயரை எழுதுகிறார். தாதி பெயரைக் கூப்பிடுகிறார். நாம் எழுந்து போகிறோம். இதில் என்ன சிக்கல் இருக்கப் போகிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். பிள்ளைப்பேற்றுச் சோதனை நாள். நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். “லெட்சுமி!” என்று ஒரு குரல். ஒரு லெட்சுமி எழுந்து உள்ளே போனார். இன்னொரு லெட்சுமி கழிவறைக்குப் போயிருந்தார். டியூப்களில் பெயர்ச்சீட்டுகளைக் காலையிலேயே ஒட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வேலை விரைவாக முடியட்டும் என்ற நல்ல எண்ணந்தான். அந்த லெட்சுமியின் இரத்தம் இந்த லெட்சுமியின் டியூபில் போய்விட்டது.

ஒருவருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் நல்ல அளவில் இருக்கிறது. மற்றவருக்கு மிகக் குறைவு. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது கணக்கு. முடிவுத் தாள்கள் மாறி வந்தன. சோகையாகிக் கண்ணிமை வெளுத்திருந்த பெண்ணுக்கு “உங்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள்” என்ற முடிவு! நல்ல வேளையாக, அனுபவமுள்ள ஒரு தாதி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், “அக்கா, நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்” என்று சொல்லி, மறுபடியும் இரத்தம் எடுக்கச் செய்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்திருந்தால், பிரசவ நேரத்தில் அந்தத் தாயின் கதி என்னவாகியிருக்கும்?

அங்கே வேலை செய்யும் தாதியரில் ஒருவர் என்னிடம் படித்த மாணவி. பிறகு நடந்ததை அவர்தான் சொன்னார். யாரையும் கூப்பிட்டுத் திட்டவில்லையாம். சுவரில் மணிலா அட்டைகளை ஒட்டினார்கள். இரத்தம் எடுக்கும் வேலையை ஒவ்வோர் அடியாக வரைந்தார்கள். ‘பெயர் கூப்பிடுதல்’ என்ற வட்டம் இருந்தது. ‘இரத்தம் எடுத்தல்’ என்ற வட்டம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சதுரம் இருக்க வேண்டுமல்லவா, இவர் அவர்தானா என்று பார்க்கும் சதுரம்? அது இல்லை. பெயர்ச்சீட்டு ஒட்டும் வட்டமோ, இரத்தம் எடுப்பதற்குப் பின்னால் இருக்க வேண்டியது, முன்னால் இருந்தது. படம் போட்ட அன்றுதான் அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

இப்போது அங்கே, “லெட்சுமிதானே?” என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் காது சரியாகக் கேட்காதவர்கூட “ஆமாம்” என்று தலையாட்டி விடுவார். “அக்கா, உங்கள் முழுப் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன? ஐ.சி. நம்பரைச் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். நோயாளியே வாயால் சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்த பிறகு, அவர் கண் முன்னாலேயே டியூபில் பெயர்ச்சீட்டை ஒட்டுகிறார்கள். முருகன்களும் லெட்சுமிகளும் நிறைந்த நம் சமூகத்துக்கு அந்த 12 எண்கள் பெரிய காவல். “எத்தனை தடவைதான் பேரைக் கேட்பது? போன மாதமும் இதே முகந்தானே வந்தது?” என்று நம்மவர்கள் சிலர் சலித்துக் கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கேட்பவர் மீது கோபப்படாதீர்கள். கேட்காமல் ஊசியை எடுப்பவரிடந்தான் நாம் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது டியூப். இங்கே நான் ரப்பர்த் தோட்டத்து வேலையை நினைவுபடுத்தப் போகிறேன். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் மங்கு துடைத்த கைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மரத்திலிருந்து இறங்கும் பாலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? மங்கிலேயே உறைந்து கட்டிப்பால் ஆகிவிடும். பாலாகவே கொண்டு போக வேண்டுமானால் அமோனியா ஊற்றுகிறோம். ஷீட்டுப் போட வேண்டுமானால் நாமே ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறோம். எந்த வேலைக்கு எந்த மருந்து என்பது பால் வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இரத்தமும் அப்படித்தான். உடம்பை விட்டு வெளியே வந்தால் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். டியூப்களின் மூடி ஏன் பல நிறங்களில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஊதா மூடி போட்ட டியூபில் இ.டி.டி.ஏ. என்ற உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. இரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது. மஞ்சள் அல்லது சிவப்பு மூடி போட்டதில் இரத்தம் உறைய வேண்டும். உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் உப்பு, கொழுப்பு, ஈரல் சம்பந்தமான சோதனைகளைச் செய்கிறார்கள். சாம்பல் நிற மூடி சர்க்கரைக்கு. அமோனியாவும் இ.டி.டி.ஏ.யும் வேலை செய்யும் விதம் வேறு வேறு. ஆனால் மருந்து மாறினால் சரக்குக் கெடும் என்பதில் வேறுபாடில்லை.

ஊதா டியூபை இரத்தம் எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் கலக்க வேண்டும். கலக்காமல் வைத்தால் உள்ளே சிறு சிறு கட்டிகள் விழும். அந்தக் கட்டிக்குள் தட்டணுக்கள் சிக்கிக்கொள்ளும். யந்திரம் மிச்சத்தைத்தான் எண்ணும். ‘தட்டணு மிகக் குறைவு’ என்று முடிவு வரும். டிங்கிக் காய்ச்சல் பரவும் நாளில் அந்த எண்ணைப் பார்த்தால் வீடே கலங்கிப் போகாதா? பிள்ளையை ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியதில்லை. டியூபைத்தான் சரியாகக் கலக்க வேண்டியிருந்தது! மெதுவாக என்று சொன்னேன். அவசரத்தில் குலுக்கினாலும் தப்பு. சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். பொட்டாசியம் கூடினால் இருதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் பதறுவார். உடம்பில் கூடவில்லை, டியூபில்தான் கூடியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் கோல் காட்டிக் கொடுத்துவிடும். ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் கையிலிருந்தே இரத்தம் எடுத்தால், அதுவும் தண்ணீர் கலந்த பால்தான். அதனால்தான் தாதி மற்றக் கையைக் கேட்கிறார். மேற்கையில் கட்டும் பட்டையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக் கூடாது. இவற்றையெல்லாம் படத்தில் ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் எழுதி வைக்கிறார்கள்.

இப்போது அந்த அரைவட்டத்துக்கு வருகிறோம். காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வேன் வரும் வரையில் தட்டில் காத்துக் கிடக்கிறது. வேன் பதினொரு மணிக்கு வருகிறது என்று வையுங்கள். மூன்று மணி நேரம் யாரும் தொடவில்லை, ஒன்றும் கெடாது என்று நினைப்போம். ஆனால் டியூபுக்குள் இருக்கும் இரத்த அணுக்கள் உயிரோடிருக்கின்றன. அவற்றுக்குப் பசிக்கிறது! டியூபில் இருக்கும் சர்க்கரையைத் தின்கின்றன. தடுப்பு மருந்து இல்லாத டியூபில் மணிக்கு 100-க்கு 5 முதல் 7 பங்கு வரை சர்க்கரை குறைந்து கொண்டே போகும். சூட்டில் இன்னும் விரைவு. வெறும் வயிற்றில் 7.4 மில்லிமோல் இருந்த சர்க்கரை, மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 6-க்கு இறங்கிவிடும். 7-ஐத் தொட்டால் நீரிழிவாக இருக்கலாம் என்பது மருத்துவர் கணக்கு. ஆக, நோய் உள்ளவர் நோய் இல்லாதவராகத் தாளில் வருகிறார். மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய்ச் சீனி போட்டுக் கோப்பி குடிக்கிறார்.

“ஐஸ் பெட்டியில் வைத்தால் போகிறது” என்று சொல்வீர்கள். மீன் அல்லவே, நேயர்களே! பொட்டாசியம் பார்க்க வேண்டிய இரத்தத்தைப் பிரிக்காமல் குளிரில் வைத்தால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண் பொய்யாக ஏறும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, மற்றதற்குச் சுழற்றும் யந்திரத்தில் வைத்து நீரைப் பிரித்து விடுவது, அல்லது வேனை முன்னதாக வரச் சொல்வது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. எந்த வழி நல்லது என்பது அந்த அந்த இடத்தைப் பொறுத்தது. செம்பனைக் குலையை வெட்டி ஒரு நாளுக்குள் ஆலைக்கு ஏற்றாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று லாரிக்குக் கணக்குப் போட்டு வேலை செய்கிறோம். இரத்தத்துக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

தாமதம் உயிரையே எடுக்கும் ஒரு நோயையும் சொல்லிவிடுகிறேன். மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசுவழியாக வரும் ‘நோலசி’ என்ற மலேரியா, காட்டோரத்தில் வேலை செய்பவர்களைப் பிடிக்கிறது. சரவாக்கில் காப்பிட் என்ற இடத்தில் மலேரியா கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது இதுதான் என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். அதுவரை, பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்ததால், சாதுவான வேறு வகை என்றே அதை எழுதி வந்தார்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுகிறது. இதைச் சோதிக்க எடுத்த இரத்தம் ஒரு நாள் தட்டில் கிடந்தால், நோயாளியின் உடம்பில் கிருமி இன்னொரு சுற்றுப் பெருகிவிடும்.

சோதனைக் கூடத்துக்குள் நடப்பதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்த டியூபில் பெயரும் தாளில் பெயரும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். இரத்தம் உடைந்திருந்தாலும், உறைந்திருந்தாலும், அளவு போதாவிட்டாலும் ஏற்பதில்லை. யந்திரம் நேர்மையாக இருக்கிறதா என்பதை, கடைக்காரர் படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பதுபோல, அளவு தெரிந்த மாதிரி ஒன்றைத் தினமும் போட்டுப் பார்த்து ஒரு கட்டத் தாளில் புள்ளி வைக்கிறார்கள். லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950-இல் காட்டிய வழி அது. இந்தப் பகுதிக்குக் காவல் அதிகம். அதனால்தான் இங்கே தவறு குறைவு.

சோதனைக் கூடம் ஏற்காத இரத்தத்துக்காக நம்மை மறுபடியும் கூப்பிடுகிறார்கள். நமக்கு அது வெறும் ஊசி வலி மட்டுமா? ஒரு நாள் சம்பளம் போகிறது. பேருந்துக் காசு போகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதையெல்லாம் நினைத்து, “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று விட்டவர்கள் எத்தனை பேர்! வேலைவழிப் படம் சோதனைக் கூடத்துக்கு மட்டும் நன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் சம்பளம்.

இந்தப் படத்தை யார் வரைய வேண்டும்? என் அபிப்பிராயம் இதில் கொஞ்சம் கண்டிப்பானது. அதிகாரி அறைக்குள் உட்கார்ந்து வரைந்த படம் சுவருக்கு அழகே தவிர வேலைக்கு உதவாது. அவருக்குத் தெரிவது விதிப் புத்தகத்தில் உள்ள வழி. டியூப் போகும் வழி வேறு. வேன் ஓட்டுகிறவருக்குத்தான், இரண்டு கிளினிக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பது தெரியும். தரை துடைக்கும் அம்மாவுக்குத்தான், டியூப் தட்டு ஜன்னல் வெயிலில் இருப்பது தெரியும். டாக்டர், தாதி, வேன் ஓட்டுநர், லேப் ஆள், பதிவு மேசைக்காரர் எல்லாரும் ஒரே சுவர் முன்னால் நிற்க வேண்டும். ஒரு டியூபின் பின்னாலேயே கடிகாரத்தோடு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். முதலில் உள்ளதை உள்ளபடி ஒரு படம். பிறகு, இருக்க வேண்டியதை இன்னொரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் செய்ய வேண்டிய வேலை. மாற்றிய பிறகு, தவறு குறைந்ததா என்று மறுபடியும் எண்ண வேண்டும், பாதுவாவில் எண்ணியதைப்போல. திட்டு விழும் என்ற பயம் இருந்தால் மட்டும் யாரும் உண்மைப் படத்தை வரைய மாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான், அதை இங்கே விரிக்கவில்லை. மருத்துவச் சோதனைக் கூடங்களுக்கென்று 2003-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15189 என்ற உலகத் தரமும், யந்திரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வழியையும் சேர்த்தே கவனிக்கச் சொல்கிறது.

இந்தப் படத்தின் முதல் சில வட்டங்கள் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், வெறும் வயிறுதான். “வெறுங்கோப்பிதான் குடித்தேன், அரைக் கரண்டிச் சீனிதான்” என்பது வெறும் வயிறல்ல. தண்ணீர் குடிக்கலாம். தப்பித் தவறிக் குடித்துவிட்டால், அதை மறைக்காமல் தாதியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் நாளை மாற்றிக் கொடுப்பார்கள், சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு மாத்திரை கொடுப்பார்கள். காசநோய்க்குச் சளி கேட்டால், காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி அதில் அகப்படாமல் போகும். “காசம் இல்லை” என்று தாள் வரும். இருமிக்கொண்டே ஒரே வீட்டில் எல்லாரும் படுத்திருப்போம். சாப்பிடும் மருந்துகளின் பெயர் தெரியாவிட்டால், மருந்து உறையையே கையோடு கொண்டு போங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

இனித் திரும்பி வரும் வழி. முடிவு தயாராகிவிட்டது. அது டாக்டர் கண்ணில் பட வேண்டும், டாக்டர் சொன்னது நம் காதில் விழ வேண்டும். அப்போதுதான் படம் முடிகிறது. சில எண்கள் காத்திருக்க முடியாதவை. பொட்டாசியம் உண்மையாகவே எல்லை மீறியிருந்தாலோ, சர்க்கரை படுபாதாளத்துக்குப் போயிருந்தாலோ, சோதனைக் கூடத்தார் தாளை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கிளினிக்கிலிருந்து நம்மைக் கூப்பிடுவார்கள். எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள்? நம் பதிவு அட்டையில் இருக்கும் நம்பருக்கு. அந்த நம்பர் எப்போது கொடுத்தது? மகன் பழைய சிம் கார்டைத் தூக்கிப்போட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். நான்கு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், மணியே அடிக்கவில்லை. லயத்து வீட்டு எண்ணும் பழையது, குடும்பம் தாமானுக்குக் குடிபோய்விட்டது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, பதிவு மேசையில் இருப்பவரிடம், “என் பேரில் என்ன நம்பர் போட்டிருக்கிறீர்கள்? கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மாறியிருந்தால் அங்கேயே திருத்திக் கொடுங்கள். பகலில் நீங்கள் காட்டில் வேலையாக இருந்தால், வீட்டில் போனை எடுப்பவர் யாரோ அவருடைய நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.